எஸ்தரின் கொல்லையில் கிடந்த ஆதித் தாய்

ஆரணியில் இப்போது எச்சில் துப்புவது கௌரவமாகிவிட்டது. சின்னக் குப்பியில் துப்பி, மூடி, ஒட்டி, எங்கோ இருக்கும் ஆய்வுக்கூடத்துக்குக் கூரியரில் அனுப்புகிறார்கள். சில வாரம் கழித்துக் கைப்பேசிக்கு ஒரு வண்ண வட்டம் வருகிறது. உங்களில் இவ்வளவு பங்கு இங்கிருந்து வந்தது, இவ்வளவு பங்கு அங்கிருந்து வந்தது என்று சொல்கிறது அந்த வட்டம். பட்டுக்கடை முதலாளிகள் காலையில் காபி குடிக்கிற இடத்தில் அதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். யாருடைய வட்டத்திலும் பக்கத்துத் தெருக்காரன் இல்லை என்பதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

என் நாற்காலிக்கு இப்போது வந்திருக்கும் பெண் போன வாரம் தொலைபேசியில் கேட்டாள். "அக்கா, உங்க காலத்துல இந்த டி.என்.ஏ. எல்லாம் கிடையாது. யாரு எந்த ஜனம்னு எப்படிக்கா கண்டுபுடிச்சீங்க? எழுதுங்களேன், நாங்க படிப்போம்."

நாங்கள் கண்டுபிடிக்கவில்லை, தாயே. அது எங்கள் வேலையே இல்லை. குழியின் விளிம்பில் வந்து நின்றவர்கள்தான் கண்டுபிடித்துக்கொண்டார்கள். கேட்டதற்காக எழுதுகிறேன். படித்துவிட்டு நீயும் துப்பி அனுப்பினால் அது உன் எச்சில், உன் இஷ்டம்.

அகழாய்வுத் துறையில் நான் வரைவாளராக இருந்தேன். தோண்டுகிற குழியை, அதன் சுவரில் தெரியும் மண் அடுக்குகளை, கிடைக்கிற பானையை, எலும்பை, கிடந்தது கிடந்தபடி அளந்து கட்டம் போட்ட தாளில் வரைவது வேலை. அப்பா பட்டுச் சேலைக் கரைக்குக் கட்டத்தாளில் டிசைன் போடுபவர். கட்டத்தில் கோடு தப்பினால் அன்னப்பறவை வாத்தாகிவிடும் என்பது வீட்டிலேயே படித்த பாடம். துறையில் சேர்ந்த முதல் சில வருடங்கள் உடைந்த பானை விளிம்புகளை மட்டும் வரைந்தேன். பானை விளிம்பு, பானை விளிம்பு, இன்னொரு பானை விளிம்பு. அதில் சொல்ல எதுவுமில்லை. கண் கூர்மையானது, முதுகு வளைந்தது. பணிக்காலம் முடியும் முன்பே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். காரணத்தைக் கட்டுரை முடிவதற்குள் நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

இந்த நிலத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலை யாரையும் கேட்டுக்கொண்டு அங்கே உட்காரவில்லை. கமண்டல நாகநதி வருடத்தில் பாதி நாள் தண்ணீர் இல்லாமல் மணலாகவே ஓடுகிறது. அந்த மணலைக் கிளறினால் கல்லைத் தட்டி விளிம்பு செதுக்கிய கருவி கையில் கிடைக்கும். எவனோ ஒருவன், அல்லது ஒருத்தி, பசியோடு உட்கார்ந்து செதுக்கியது. அதில் பெயர் இல்லை, கொடி இல்லை, கோத்திரம் இல்லை. வந்தார்கள், குளிர் காய்ந்தார்கள், நடந்தார்கள். யாரோ தங்கினார்கள், யாரோ கலந்தார்கள், யாரோ மலையேறினார்கள். எங்கள் ஊர் முழுக்க இப்படி நடந்து வந்த கால்களின் பிள்ளைகள்தான். அந்தக் கால்களில் ஒரு ஜோடிக்கு மட்டும் கொலுசு போட்டுத் தனியே கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொட்டாவி வருகிறது.

படவேட்டுக்குப் போகும் வழியில், மலையடிவாரத்தில், எஸ்தரின் கொல்லை. கொல்லை என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டுப் பின்புறம் அல்ல, மேட்டு நிலம். கிணறு ஒன்று, நாலு புங்கமரம், மிச்சமெல்லாம் மானாவாரி. அதன் நடுவே பெரிய பெரிய கற்கள் வட்டமாக நடப்பட்டிருந்தன. ஊரில் அதற்குப் பாண்டவர் குழி என்று பேர். இரும்புக்காலத்து ஆட்கள் செத்தவர்களைக் கற்பலகைப் பெட்டிக்குள் வைத்து, மேலே இப்படிக் கல்வட்டம் போடுவார்கள். அதைத் தோண்டத்தான் நாங்கள் போனோம்.

எஸ்தரின் கணவருக்கு ஆம்பூரில் செருப்புக் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து ஜெபம் முடித்துவிட்டு திங்கள் காலை பஸ் ஏறிவிடுவார். கொல்லை முழுக்க எஸ்தர் கையில். எங்களை உள்ளே விடும்போதே ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"தோண்டிக்கோங்க சார். ஆனா ஆடி மாசம் மழ வந்துச்சுன்னா நான் மல்லாட்ட போட்டாகணும். அதுக்குள்ள மூடிக் குடுத்துடணும். போன வருசமே ஒண்ணும் வெளையல. இந்த வருசமும் போச்சுன்னா பசங்கள இஸ்கோல்லருந்து நிறுத்தித்தான் ஆவணும்."

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை.

"மூடித் தந்துவிடுவோம்மா," என்றார் சிவப்பிரகாசம்.

சிவப்பிரகாசம் எங்கள் அகழாய்வின் இயக்குநர். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரைப் போல மண்ணைப் படித்தவரையும் பார்த்ததில்லை, அவரைப் போல மனிதர்களுக்குப் பயந்தவரையும் பார்த்ததில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு குழிக்குள் இறங்குவார். சாயங்காலம் ஏறும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். எப்படி என்று யாருக்கும் தெரியாது. குழிச் சுவரைக் கொத்துக்கரண்டியால் வழவழவென்று சீவச் சொல்வார். சீவியதும் தூரப் போய்த் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். "இன்னொரு தடவை," என்பார். மறுபடி சீவுவோம். மறுபடி "இன்னொரு தடவை". சுவர் கண்ணாடி போல நேரானதும்தான் மண்ணின் நிறங்கள் பிரியும். மேலே உழவு மண், சாம்பல். அடியில் செம்மண். நடுவே பிணக்குழி வெட்டிய கோடு, சேலையில் கரை தொடங்குகிற இடம் போலத் தெளிவாக நிற்கும். அதை வரையும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். அந்த மனிதர்மீது எனக்கிருந்த மரியாதை முழுக்க அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

சந்தேகமான துண்டு கிடைத்தால் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். கல் ஒட்டாது, பழைய எலும்பு ஒட்டும். "எலும்பு," என்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொள்வார். ஆனால் வெளியாள் ஒருவர், அதுவும் கரை வேட்டி கட்டியவர், வந்து "சார், இது இன்னா?" என்று கேட்டுவிட்டால் போதும். அவர் வாயிலிருந்து வருகிற ஒரே சொல்: "இருக்கலாம்."

ஐயாயிரம் வருசமா சார்? இருக்கலாம். ராஜாவா சார்? இருக்கலாம். எங்க ஆளுங்களா சார்? இருக்கலாம்.

இந்த 'இருக்கலாம்' ஒரு விதை. குழியின் விளிம்பில் விழுந்து, ஆரணிக்கு பஸ்ஸில் போய், அங்கே ஃபிளெக்ஸ் பேனராக முளைக்கும்.

கற்பலகையைத் தூக்கினோம். எங்கள் செம்மண் எலும்பை விட்டுவைக்காது. அந்தக் கல்பெட்டி எப்படியோ காப்பாற்றியிருந்தது. ஒரு முழு ஆள், மல்லாந்து, கால் மேற்கே நீட்டி. ஒரு கைப் பக்கம் நடுவில் துளையிட்ட சுட்ட மண் வட்டு. இன்னொரு கைப் பக்கம் துருவேறிய இரும்பு அரிவாள். காலடியில் கறுப்புச் சிவப்புப் பானைகள். எலும்பில் இரும்புக் கருவி படக்கூடாது என்பதால் மூங்கில் குச்சியும் பெயிண்ட் பிரஷும் மட்டும் வைத்து, ஊதி ஊதி, ஒவ்வொரு விலாவாக வெளியே கொண்டு வந்தோம். நான் மேலே பலகை போட்டுக் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருந்தேன். அந்த முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவே ஒரு கை தூரம்தான். பற்கள் நன்றாகத் தேய்ந்திருந்தன. வாழ்நாள் முழுக்க மணல் கலந்த சாப்பாடு. பாவம் என்று தோன்றியதே தவிர, உறவு என்று எனக்கு எதுவும் தோன்றவில்லை.

தணிகாசலத்துக்குத் தோன்றிவிட்டது. அவர் ஆரணியில் பெரிய பட்டு வியாபாரி, எங்கள் சாதிச் சங்கத்தின் தலைவர். சாதியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவர்களுக்கு இலவச விளம்பரம். மஞ்சள் பேனர்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் அதே மஞ்சளில் பிறந்தவள்தான் என்பதால் அவருக்கு என்மேல் உரிமை அதிகம்.

"இன்னா கௌரிம்மா, நம்ம ஜனம் மண்ணுக்குள்ள படுத்துகினு கீது, நீ பென்சில் சீவிகினு கீற? எனக்கு ஒரு போன் அடிக்க மாட்ட?"

"நம்ம ஜனம்னு யாருங்க சொன்னது?"

"கைல இன்னாம்மா அது? நூல் நூக்குற தக்கிளி வட்டு! நெசவாளி! ஆதி புருசன்! சார், இது தக்கிளி வட்டுதான?"

சிவப்பிரகாசம் கையிலிருந்த குடையை மடக்கினார், விரித்தார். "இருக்கலாம்."

அந்தப் பக்கம் கிடந்த அரிவாளை ஆதி புருஷன் எந்தச் சேலை அறுக்க வைத்திருந்தான் என்று நான் கேட்டேன். தணிகாசலம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "படிச்சவங்க எல்லாத்தையும் கிண்டலாவே பேசுவாங்க. வயசாயிட்டா சரியாப் பூடும்."

இரண்டு நாளில் ஆரணி பஸ் நிலையத்தில் பேனர் நின்றது. முறுக்கு மீசை, பட்டு அங்கவஸ்திரம், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். 'ஆதி புருஷர்.' அதன் ஓரத்தில் தணிகாசலம் கும்பிட்டபடி. இரண்டு முகத்துக்கும் ஒரே மூக்கு. வரைந்தவன் பிழைக்கத் தெரிந்தவன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை நாங்கள் வேனில் வந்து இறங்கும்போதே எஸ்தர் வரப்பில் நின்று கையை ஆட்டினாள். "ஜல்தி வாங்க சார். விடியக்காலையில டெம்போல வந்து, ஒரே ஆட்டம் ஆடிட்டுப் போயிட்டாங்க!"

குழிக்குள் எட்டிப் பார்த்தேன். மண்டையோடு முதல் பாதம் வரை பால். மேலே மஞ்சள், சந்தனம், குங்குமம், தேன். விலா எலும்புகளுக்கு நடுவே வாழைப்பழம் பிசைந்த பஞ்சாமிர்தம். எறும்பு சாரை சாரையாக மண்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. காவலுக்கு வைத்திருந்த ஆளே பால் குடத்தைப் பிடித்துக் கொடுத்திருக்கிறான். "சாமி காரியம் மேடம்," என்றான்.

நீ கேட்டாயே, டி.என்.ஏ. அப்போதும் அது இருந்தது, பெண்ணே. அந்தப் பற்களைக் கைபடாமல் எடுத்து அனுப்புவதாகத்தான் திட்டம். இந்த ஆள் யார் என்று உலகத்திலேயே அதிகம் தெரிந்துகொள்ள விரும்பியவர்கள், அதைச் சொல்லக்கூடிய பற்களை எருமைப் பாலில் ஊறவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வேறெந்த ஜனமும் தன் மூதாதையை இத்தனை பயபக்தியோடு ஊமையாக்கியிருக்காது.

சிவப்பிரகாசம் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். கோபம் என்றால் கத்தவில்லை. குழிக்குள் இறங்கி, பஞ்சை வைத்துப் பாலை ஒற்றி ஒற்றி எடுத்தார். இடுப்பெலும்பைச் சுத்தம் செய்யும்போது நின்றார். அதன் பின்பக்கம் ஒரு வளைவு இருக்கும். ஆணுக்குக் குறுகலாக, பெண்ணுக்கு அகலமாக. கட்டைவிரலை அதற்குள் வைத்து மெல்ல அசைத்துப் பார்த்தார். விரல் தாராளமாக அசைந்தது. அதே நேரம் தணிகாசலம் ஆள் படையோடு, பூசை எப்படி என்று விசாரிக்க வந்து நின்றார்.

"பொம்பளை," என்றார் சிவப்பிரகாசம், நிமிராமல்.

"இருக்கலாம்னு சொல்றீங்களா சார்?"

"இல்லை. பொம்பளை."

அவர் பணிக்காலத்திலேயே வெளியாளிடம் உறுதியாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். சட்டையில் பால் வாடை. நான் மனதுக்குள் கைதட்டினேன். தணிகாசலம் சுருங்கிப் போவார், பேனரைச் சுருட்டுவார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எவ்வளவு அப்பாவி நான்! திங்கட்கிழமை பேனரில் மீசையைக் காணோம். அதே மூக்கு, அதே ஒளிவட்டம், மூக்குத்தி மட்டும் புதிது. 'ஆதித் தாய்.' மஞ்சள் பேனர்காரர்கள் முள்ளிப்பட்டு கிராமத்துத் தறியில் சொல்லிவைத்து நெய்த அரக்குப் பட்டுச் சேலை ஒன்றைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு வந்தார்கள். எலும்புக்குக் கட்ட வேண்டுமாம். கட்ட முடியாது என்றதும் கல்வட்டத்துக்குச் சுற்றிவிட்டு, நாலு மூங்கில் நட்டு, தகரக் கூரை போட்டு, மணி கட்டிவிட்டார்கள். அடுத்தது காங்கிரீட் என்று பேச்சு.

அதோடு விட்டதா? மலையடிவாரத்து நிலக்காரர்களின் சங்கம் ஒன்று உண்டு, பச்சைப் பேனர். அவர்களுக்கு அரிவாள் கண்ணில் பட்டுவிட்டது. அரிவாள் என்றால் உழவு, உழவு என்றால் அவர்கள். அவர்கள் தலைவர் ஒரு மாஜி ஊராட்சித் தலைவர், எப்போதும் தோளில் பச்சைத் துண்டு. அவரும் ஒரு மணியோடு வந்தார்.

ஆனி முடியப்போகிறது. மலைமேல் மேகம் இறங்கிவிட்டது. பக்கத்துக் கொல்லைகளில் ஏர் ஓட்டி, விதைக்கடலை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். எஸ்தரின் கொல்லை நடுவே குழி, தகரக் கூரை, இரண்டு மணி. மூட முடியாது என்று இரண்டு சங்கமும் சொல்கிறது. எஸ்தர் சிவப்பிரகாசத்திடம் வந்தாள்.

"சார், வாக்கு குடுத்தீங்களே."

"மேலிடத்துக்குச் சொல்லியிருக்கிறேன்மா. நல்லபடி முடியலாம்."

"லாம் லாம்னா எப்டி சார்? எனக்கு வெத பாழாப் போவுது."

ஒரு சொல் உறுதியாகச் சொன்ன களைப்பில், அவர் பழைய சிவப்பிரகாசமாகத் திரும்பிவிட்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் நான் மட்டும் என்ன செய்தேன்? வரைந்துகொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் மஞ்சளும் பச்சையும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். குழியின் இந்தக் கரையில் இவர்கள், அந்தக் கரையில் அவர்கள். நடுவே வாயைப் பிளந்தபடி அந்த அம்மாள்.

"நாங்க இவங்களோட நேர் வாரிசு. ரத்த சம்பந்தம்!" தணிகாசலம் மார்பில் தட்டினார்.

"யோவ், உங்க ரத்தத்துல சாயம்தான்யா ஓடுது. இது எங்க பாட்டன் பூட்டன் வழி ஆயா. நாங்கதான் நேர் வாரிசு," என்றார் பச்சைத் துண்டு.

எஸ்தர் கையில் களைக்கொத்தோடு நடந்து வந்து, இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக நின்றாள். குரல் உயரவே இல்லை.

"ஐயா, நான் வேதக்காரி. எனக்கு உங்க மொற தெரியாது, தப்பா இருந்தா சொல்லுங்க. நேர் வாரிசுன்னா, சாவு உங்களுதுதான?"

"ஆமா," என்றார்கள் இரண்டு பக்கமும். விட்டுக்கொடுக்க யாருக்கும் மனமில்லை.

"இத்தினி நாளா மண்ணுக்குள்ள இருந்துச்சு, தெரியல. இப்ப எலும்பு வெளிய வந்து, மொகத்தப் பாத்துட்டீங்க. பாலும் ஊத்திட்டீங்க. அப்பன்னா கருமாதி பண்ணணுமில்ல? பதினாறு நாளு தீட்டு காக்கணும். வூட்ல நல்ல காரியம் வெக்கக் கூடாது, கோயிலுக்குப் போவக் கூடாது. எங்க பக்கத்து வீட்டம்மா அப்டித்தான் செஞ்சாங்க. யாரு மூத்த புள்ள? மொட்ட அடிச்சிகினு வாங்க. காரியம் பண்ணி எலும்ப எடுத்துகினு போங்க. நான் வேணாம்னு சொல்லவே இல்ல."

மலையிலிருந்து ஒரு காற்று வந்து இரண்டு மணியையும் ஒருமுறை ஆட்டிவிட்டுப் போனது.

பச்சைத் துண்டு முதலில் தலையைத் தடவிக்கொண்டார். கருகருவென்று சாயம் பூசிய அடர்த்தியான முடி அவருக்கு. தணிகாசலத்தின் மைத்துனர் அவர் காதில் ஏதோ சொன்னார். எனக்குத் தெரியும் என்ன சொல்லியிருப்பார் என்று. வரும் புதன்கிழமை தணிகாசலத்தின் மகளுக்கு நிச்சயதார்த்தம். தீட்டு வந்தால் பாக்கு வெற்றிலை மாற்ற முடியாது. ஆவணி முகூர்த்தச் சேலைகள் தறியில் இருக்கின்றன. வாரிசுகள் எல்லோருக்கும் தீட்டு என்றால் ஆரணியில் பாதித் தறியைப் பதினாறு நாள் கட்டிப் போட வேண்டும்.

"கௌரிம்மா," என்று மெதுவாக என் பக்கம் வந்தார் தணிகாசலம். "நீ நம்ம வீட்டுப் பொண்ணு. உன்னையே கேக்கறேன். இவ்ளோ பழைய சாவுக்கு தீட்டு உண்டா?"

"நேர் வாரிசுன்னு நீங்கதான சொன்னீங்க? உங்களுக்கு இருந்தா எனக்கும் உண்டு. நான் இன்னிக்கே தல முழுவிடறேன்," என்றேன்.

அவர் முகத்தை அப்படியே வரைந்து வைத்திருக்க வேண்டும். பானை விளிம்புகளில் வீணடித்த என் திறமையெல்லாம் அந்த ஒரு முகத்துக்குப் போதாது.

எங்கள் ஜனத்தின் மூளையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கால் மணி நேரத்தில் வழி கண்டுபிடித்தார்கள். அம்மாள் செத்தவளே அல்ல. தெய்வம். தெய்வத்துக்குச் சாவு ஏது, தீட்டு ஏது? வாரிசு என்று யார் சொன்னது, பக்தர்கள்தானே! பச்சைப் பேனரும் அதை உடனே ஒப்புக்கொண்டது. அவ்வளவு நேரத்தில் இரண்டு சங்கமும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். தெய்வம் என்றான பிறகு இன்னும் வசதி. குலதெய்வக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போய்த் தங்கள் ஊரில் வைத்துக் கோயில் கட்டுகிற வழக்கம் ஊருலகத்தில் இருக்கிறது. எஸ்தரின் கொல்லை எதற்கு? ஒரு பிடி மண் போதும். எலும்பு அரசாங்கத்துக்கு, மண் எங்களுக்கு.

புதிய மஞ்சள் துணி ஒன்று, புதிய பச்சைத் துணி ஒன்று. பயபக்தியாகக் குனிந்து, கொல்லையின் ஓரத்தில் நாங்கள் கொட்டி வைத்திருந்த மண்மேட்டிலிருந்து ஆளுக்கொரு பிடி அள்ளி முடிந்துகொண்டார்கள். அது குழியின் அடிமண் அல்ல. முதல் வாரம் வெட்டிப் போட்ட மேல்மண். போன வருடத்து யூரியாவும், கடலைத் தோலும், எங்கள் கூலியாட்கள் துப்பிய வெற்றிலைச் சாறும் கலந்தது. சிவப்பிரகாசம் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "சொல்லிவிடலாமா?" என்றார். "சொல்லலாம்," என்றேன். இருவரும் சொல்லவில்லை. இன்று ஆரணியில் ஒரு கோயிலும் அடிவாரத்தில் ஒரு கோயிலும் அந்த யூரியாவின்மேல் நிற்கின்றன. நம் தொன்மையின் அஸ்திவாரம் அவ்வளவுதான்.

மறுவாரம் எலும்புகளை எடுத்துப் பஞ்சு வைத்துப் பெட்டிகளில் அடுக்கினோம். அவை இன்னும் துறையின் கிடங்கில் இருக்கின்றன. இத்தனை பக்தர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததில்லை. மூடுகிற நாள் காலை வானம் இருட்டிக்கொண்டு வந்தது. டிராக்டர் மண்மேட்டின் பின்னால் உறுமிக்கொண்டு நின்றது. எஸ்தர் குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சார், அந்தம்மாவ முழுசா எடுத்துட்டீங்களா? பல்லு கில்லு எதுனா விட்டுட்டுப் போயிடாதீங்க. அப்புறம் அதுக்குத் தனியா ஒரு சங்கம் வந்துடும்."

சிவப்பிரகாசம் சிரிக்கவில்லை. வெள்ளைச் சட்டையோடு மறுபடி குழிக்குள் இறங்கி, முட்டி போட்டு, அடிமண்ணைச் சல்லடையில் ஒருமுறை சலித்துப் பார்த்துவிட்டு ஏறினார். "ஒன்றுமில்லைம்மா. நிச்சயமாக."

எஸ்தர் தலையாட்டினாள். பிறகு குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, ஜெபம் எதுவும் சொல்லாமல், காலிக் குழிக்குள் போட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டிராக்டர்காரனிடம் திரும்பினாள்.

"இன்னாயா பாத்துகினு நிக்கிற? மழ வருது, தள்ளு."